பினாங்கு பாலம் மாரத்தான் ஓடிட்டு அப்படியே ஊர் சுத்த முடியுமா? குடும்பத்தோட வர்றோம், பிளான் பாத்து சொல்லுங்க

வைகை_ஓட்டம்:
வணக்கம் மக்களே. மதுரைலேருந்து எழுதுறேன். இந்த வருஷம் பினாங்கு பாலம் மாரத்தான்ல ஃபுல் 42.195 பதிஞ்சாச்சு. வெளிநாட்டுல ஓடுறது இதான் முதல் தடவை. தனியா வரலாம்னுதான் நெனச்சேன், ஆனா வீட்டம்மா "நீங்க மட்டும் ஊர் சுத்துவீங்க, நாங்க இங்க இருக்கணுமா"ன்னு கேட்டதுல அவங்க, பையன், எங்கம்மா எல்லாருக்கும் டிக்கெட் போட்டாச்சு. வெள்ளி காலைல இறங்குறோம், செவ்வாய் ராத்திரி கிளம்புறோம். பிளான் இப்படி: வெள்ளிக்கிழமை கொடிமலை (பினாங்கு ஹில்), சனிக்கிழமை பூரா ஜார்ஜ்டவுன் (பினாங்கோட பழைய டவுன்) நடந்தே சுத்துறது, ஞாயிறு விடிகாலை ஓட்டம், மதியம் தண்ணீர்மலை முருகன் கோயில் (அம்மாவோட வேண்டுதல்), திங்கள் கேஎல் (கோலாலம்பூர்) போய் பத்துமலை, செவ்வாய் ஷாப்பிங். சரியா வருமா? அங்க இருக்குறவங்க சொல்லுங்க, ஓடிட்டு வந்தவங்களும் சொல்லுங்க.

ஜெலுத்தோங்_அக்கா:
தம்பி வாங்க வாங்க. ஆனா பிளான அப்படியே தலைகீழா திருப்பி போடுங்க. சனிக்கிழமை பூரா ஜார்ஜ்டவுன்ல நடந்தீங்கன்னா ராத்திரி 1.30க்கு கோட்டுல நிக்கும்போதே கால் செத்திருக்கும். எங்க ஊரு வெயில் மதுரை வெயில் இல்ல, இது ஈரம். நிழல்ல நின்னாலும் சட்டை ஒட்டும். அப்புறம் தண்ணீர்மலைக்கு எத்தன படின்னு யாராச்சும் சொன்னாங்களா? 513. ஓடி முடிச்ச அன்னிக்கே 513 படி, அதுவும் மதிய வெயில்ல. நல்லா யோசிங்க லா.

வைகை_ஓட்டம்:
அக்கா 1.30 மதியமா??

ஜெலுத்தோங்_அக்கா:
ராத்திரி தம்பி ராத்திரி. நடுச்சாமம் தாண்டி 1.30.

பட்டர்வொர்த்_பையன்:
ஹாஹா இத பாக்காம பதிஞ்சிருக்காரு பாருங்க. ஆமாண்ணே, ஃபுல் வழக்கமா 1.30, ஹாஃப் 3 மணி வாக்குல, 10 கிலோமீட்டர் ஆளுங்க விடியிற நேரத்துல. இந்த வருஷ நேரத்த கிட் பையில வர்ற தாள்ல ஒரு தடவ பாத்துக்குங்க. ஏன் ராத்திரின்னா ரெண்டு காரணம். ஒண்ணு, வெயில் ஏறுறதுக்குள்ள ஆள முடிக்க வைக்கணும், எட்டு மணிக்கு மேல ஓடினா மயங்கி விழுவான். ரெண்டு, அந்தப் பாலம் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற மெயின் ரோடு, பகல்ல அடைக்க முடியாது. மத்த நாள்ல அதுல கால் வச்சு நடக்கவே விட மாட்டாங்க, காடி (கார்), மோட்டார் (பைக்) மட்டும்தான். அதனாலதான் நாங்க உள்ளூர்க்காரனுங்களே வருஷா வருஷம் காசு கட்டி ஓடுறோம். டைமிங் எல்லாம் அப்புறம்.

தங்குற இடத்த பத்தி ஒண்ணு. விலை கம்மின்னு என் பக்கம், அதாவது பட்டர்வொர்த், பிறை, அந்தப் பக்கம் ரூம் போட்டுறாதீங்க. அன்னிக்கு ராத்திரி ரோடு அடைப்பு, ரெண்டாம் பாலம் சுத்தி வரணும்னா டென்ஷன்ல பாதி ஓட்டம் அங்கேயே முடிஞ்சிரும். ஸ்டார்ட்டு ஃபினிஷ் ரெண்டும் வழக்கமா குவீன்ஸ்பே மால் பக்கம். பாயான் பாரு, சுங்கை நிபோங் ஏரியால போடுங்க, நடந்தே போயிரலாம்.

ஜெலுத்தோங்_அக்கா:
குடும்பத்த வச்சுக்கிட்டு பாயான் பாருல என்ன பண்ணுவாங்க பையா, அங்க மால விட்டா என்ன இருக்கு. ஞாயிறு காலை வரைக்கும் அங்க, அப்புறம் பெட்டிய தூக்கிட்டு ஜார்ஜ்டவுன், அதுதான் சரி. லிட்டில் இந்தியா பக்கத்துல தங்கினா அவங்கம்மாவுக்கு சாப்பாடு பிரச்சன இல்ல, குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் ரெண்டு எட்டு. 1833ல கட்டின கோயில் அது.

அடையாறு_ஆமை:
நான் சென்னைலேருந்து போய் ஓடினவன், நேர விஷயத்த பத்தி யாரும் சொல்லல அதனால சொல்றேன். மலேசியா நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அங்க ராத்திரி 1.30ன்னா நம்ம உடம்புக்கு அது ராத்திரி 11 மணி. இது நமக்கு நல்லது பாஸ், கெடுதல் இல்ல. எல்லாரும் "போனதும் அந்த ஊரு டைமுக்கு மாறிக்க"ன்னு சொல்வாங்க, நான் மாறவே இல்ல. போன் கடிகாரத்த மட்டும் மாத்திட்டு உடம்ப மதுரைலயே விடுங்க. சனிக்கிழமை மதியம் நல்லா சாப்பிட்டு, திரைய இழுத்து மூடி மூணு மணிலேருந்து ஏழு மணி வரைக்கும் படுங்க. தூக்கம் வரலன்னா கூட கண்ண மூடி கிடங்க, போன தள்ளி வைங்க. பையன் கூடவே இருந்தா தூங்க விட மாட்டான், அந்த நேரத்துல வீட்ல உள்ளவங்கள வெளில அனுப்பிருங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி தூக்கம்தான் முக்கியமானது, அத கோட்ட விட்டா பாலத்து நடுவுல கொட்டாவி வரும், பொய் சொல்லல, ஓடிக்கிட்டே கொட்டாவி விட்ட ஆள நான் பாத்திருக்கேன்.

நாசி_கந்தார்_ரசிகன்:
சாப்பாட்டு விஷயத்துக்கு நான் வரேன். சனிக்கிழமை ராத்திரி நாசி கந்தார் (எங்க ஊரு சோறு கறி), குழம்பு பஞ்சிர், அதாவது எல்லா குழம்பும் சோத்து மேல வெள்ளமா ஊத்துறது, கூட ஒரு கோழி பொரியல், வெண்டைக்கா. சோறுதானே கார்போ. நல்லா லோட் பண்ணிட்டு ஓடுங்க ப்ரோ.

ஈப்போ_ஃபிசியோ:
தயவு செஞ்சு இவர் பேச்ச கேக்காதீங்க 😂 எண்ணெய், காரம், நாலு விதமான குழம்பு, அதுக்கு மேல நாலு மணி நேரம் குலுக்கல். நடமாடும் டாய்லெட் வாசல்ல நிக்கிற வரிசை எவ்வளவு நீளம்னு இவருக்கு தெரியுமா தெரியல. 1.30 ஸ்டார்ட்டுக்கு பெரிய சாப்பாடு சனிக்கிழமை மதியம்தான். சோறு, பருப்பு, உருளக்கெழங்கு. சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு இட்லியோ தயிர்சோறோ லேசா. பதினொன்ற மணி வாக்குல காயா (தேங்காப்பால் முட்டை ஜாம்) தடவின ரொட்டி ரெண்டு துண்டு, ஒரு வாழப்பழம், அவ்ளோதான். காயா ரொட்டி எந்த கோப்பிக் கடைலயும் கிடைக்கும், ராத்திரிக்கு முன்னாடியே வாங்கி வச்சுக்குங்க.

நாசி_கந்தார்_ரசிகன்:
சரி சரி ஓடிட்டு வந்து சாப்பிடட்டும். கேம்பல் ஸ்ட்ரீட்ல ஹமீதியா நாசி கந்தார் கடை 1907லேருந்து இருக்கு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் எங்கயும் ஓடிப் போகாது.

ஈப்போ_ஃபிசியோ:
அது ஓகே, அதுக்கு நானே வரேன்.

சீரியஸா ஒரு விஷயம். நம்ம ஊருலேருந்து வர்றவங்க நிறைய பேரு ஓடுறதுக்கு முன்னாடி வலி மாத்திரை ஒண்ணு போட்டுட்டு நிக்கிறாங்க. வேண்டவே வேண்டாம். ஐபுப்ரோஃபென் வகையறா மாத்திரைய போட்டு இந்த ஈரத்துல வேர்த்து ஊத்தி ஓடினா கிட்னிக்குதான் அடி. அடுத்தது தண்ணி. காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருக்குறதால வேர்வை ஆவியாகாது, வழியும், உடம்பு குளிராது. உங்க மதுரை டைமிங்க மறந்துட்டு மெதுவா ஆரம்பிங்க. தாகம் எடுக்குதுன்னு வெறும் தண்ணியவே ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் மடக் மடக்குன்னு குடிச்சா ரத்தத்துல உப்பு நீர்த்துப் போகும், தலைவலி, வாந்தி, குழப்பம், மோசமான கேஸ்ல ஆஸ்பத்திரி. ஒரு ஸ்டேஷன்ல தண்ணி, அடுத்ததுல உப்பு சக்கர கலந்த பானம். 100 பிளஸ்ச முன்னாடியே ஒரு நாள் குடிச்சு பழகிக்கிட்டா நல்லது, கேஸ் இருந்தா சில பேருக்கு வயிறு உப்பும்.

தொடை, அக்குள், மார்பு, மூணு இடத்துலயும் வாசலின். நனஞ்ச சட்டை என்ன பண்ணும்னு குளிக்கும்போதுதான் தெரியும், அப்ப கத்தி பிரயோஜனம் இல்ல.

வைகை_ஓட்டம்:
எல்லாருக்கும் பெரிய நன்றி, பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டேன். சனிக்கிழமை ஜார்ஜ்டவுன தூக்கியாச்சு. ஆனா அம்மாவ என்ன பண்றதுன்னு தெரியல. தண்ணீர்மலைய பாக்காம வர மாட்டாங்க. அவங்களுக்கும் முட்டி வலி, 513 படின்னதும் "முருகன் ஏத்தி விடுவான்"னு சொல்லிட்டு உக்காந்திருக்காங்க. நான் கூட போகணும்ல.

ஈப்போ_ஃபிசியோ:
உங்க பிரச்சன ஏறுறது இல்ல, இறங்குறது. மாரத்தான் முடிஞ்சு மறுநாளும் அதுக்கடுத்த நாளும்தான் வலி உச்சத்துக்கு போகும். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேல செய்யும். இறங்கும்போது அதே தசை நீண்டுக்கிட்டே உடம்பு எடைய தாங்கணும், ஓட்டத்துல கிழிஞ்ச நார் எல்லாம் அப்பதான் கணக்கு கேக்கும். மாரத்தான் முடிச்சவன் ஹோட்டல் படில பின்பக்கமா இறங்குறத பாத்திருப்பீங்க, அது இதனாலதான். ஜார்ஜ்டவுன்லயும் ஒரு சிக்கல் இருக்கு. கடைக்கு முன்னாடி இருக்குற அஞ்சடி நடைபாத ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு உயரம், நாலு எட்டுக்கு ஒரு தடவ ஏறி இறங்கணும். திங்கக்கிழமை அதுல நடந்தா சாமி தெரியும்.

பினாங்கு_தாத்தா:
நான் எழுபது தாண்டியவன், ஓட்டம் கீட்டம் எனக்கு தெரியாது, ஆனா கோயில் விஷயம்னதால எழுதுறேன். தம்பி, உங்க அம்மாவுக்கு ஒரு வழி இருக்கு. கொடிமலைக்கு மேலேயே அருளொளி திருமுருகன் ஆலயம் இருக்கு. மலை ரயில்ல போனா மேல் ஸ்டேஷன்லேருந்து சின்ன நடைதான், கொஞ்சம் ஏத்தம் இருக்கும், மெதுவா போகலாம். அந்த ரயில் 1923லேருந்து ஓடுது. நாங்க சின்ன வயசுல போகும்போது பாதி வழில இறங்கி வேற பெட்டி மாறணும், 2011ல புது ரயில் போட்ட பிறகு ஒரே இழுப்புல மேல கொண்டு விட்டுருது. மலையும் முருகனும் ஒரே இடத்துல, படி ஏறாம. தண்ணீர்மலைக்கு போகணும்னா அடிவாரத்துல நாட்டுக்கோட்டை செட்டியார் தண்டாயுதபாணி கோயில்ல கும்பிட்டுட்டு கீழ இருந்தே மேல பாத்து ஒரு கும்பிடு. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வந்து சேர்ற கோயில் அதுதான், தரையோட தரையா இருக்கு. மலை மேல இப்ப நிக்கிற பெரிய கோயில் 2012ல கும்பாபிஷேகம் ஆனது. முட்டி வலியோட வர்ற பொம்பளைங்க நிறைய பேரு அடிவாரத்தோடதான் திரும்புறாங்க, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்கல.

அப்புறம் அந்தப் பாலம். 1985ல திறந்தாங்க. அதுக்கு முன்னாடி ஃபெரிய விட்டா வேற வழியே கிடையாது, காடி எல்லாம் வரிசைல நின்னு நின்னு போகும், பண்டிகை நாள்ல பாதி நாள் ஜெட்டிலேயே போயிரும். 13.5 கிலோமீட்டர், அதுல கடலுக்கு மேல 8.4. எங்க வீட்டுல எல்லாரும் சேந்து அத பாக்கவே போனோம். நீங்க ஓடிட்டு வந்த பிறகு குடும்பத்த ஃபெரில கூட்டிட்டு போங்க, அங்கேருந்து தெற்கால பாத்தா பாலம் நீளமா தெரியும். அப்பா ஓடினது இதுலதான்னு பையனுக்கு காட்டலாம்.

வைகை_ஓட்டம்:
ஐயா அம்மாகிட்ட படிச்சு காட்டினேன். "மலை மேல முருகன், ரயில்ல போறோமா, அப்ப சரி"ன்னுட்டாங்க. ரொம்ப நன்றிங்கய்யா.

பட்டர்வொர்த்_பையன்:
ஃபெரி நடந்து ஏறுறவனுக்கு ரெண்டு வெள்ளி (ரிங்கிட்)தான். காசு நீட்டாதீங்க, டச் அண்ட் கோ கார்டு ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, பஸ்சுக்கும் அதே கார்டு ஆகும். பழைய பெரிய மஞ்ச ஃபெரி எல்லாம் போயாச்சு, 2023லேருந்து புதுசு, ஏசி, வேகமா போயிரும். மேல்தளத்துல காத்து வாங்கிக்கிட்டு போன காலம் முடிஞ்சிருச்சுன்னு எங்கப்பா இன்னும் புலம்புறாரு.

கிள்ளான்_ஓட்டக்காரன்:
எல்லாரும் பினாங்கயே தூக்கிப் பிடிக்கிறீங்க. அவரு திங்கக்கிழமை கேஎல் வரணும்னு இருக்காரு, அத பத்தி யாரும் பேசல. பட்டர்வொர்த்லேருந்து கேஎல் சென்ட்ரலுக்கு இடிஎஸ் ரயில் நாலு மணி நேரம் போல. சீட்டு சீக்கிரம் தீந்துரும், முன்னாடியே போட்டுருங்க. கேஎல் சென்ட்ரல்லேருந்து பத்துமலைக்கு கொமுட்டர் ரயில், ஸ்டேஷன் கோயில் வாசல்லயே. படி 272தான், தண்ணீர்மலைல பாதிக்கு கொஞ்சம் மேல. வாசல்ல நிக்கிற முருகன் 42.7 மீட்டர். 42.195 கிலோமீட்டர் ஓடிட்டு வந்து 42.7 மீட்டர் முருகன் காலடில போட்டோ, இத விட வேற என்ன வேணும் சொல்லுங்க.

ஜெலுத்தோங்_அக்கா:
கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா செவ்வாய் ராத்திரி பிளைட்டு எங்கேருந்து? பினாங்கா கேஎல்லா? பினாங்குன்னா ரயில்ல போய் ரயில்ல திரும்பி வர்றதுக்கே ரெண்டு நாளும் போயிரும். கால மடக்கி நாலு மணி நேரம் உக்காந்து எந்திரிக்கும்போது இவரு என்ன கத்து கத்துவாருன்னு நெனச்சு பாருங்க.

வைகை_ஓட்டம்:
பினாங்குலேருந்துதான் அக்கா. கேஎல்ல தூக்கிருறேன். வீட்டம்மாதான் ட்வின் டவர் ட்வின் டவர்னு... பேசிக்கிறேன்.

ஜெலுத்தோங்_அக்கா:
அடுத்த தடவ கூட்டிட்டு போங்க. இப்ப நான் சொல்றத எழுதிக்குங்க. வெள்ளிக்கிழமை இறங்கி கிட் வாங்குற வேலைய முடிச்சிருங்க, சனிக்கிழமைக்கு விட்டா வரிசை. அன்னிக்கு சாயங்காலம் பாம்புக் கோயில், ஏர்போர்ட் பக்கம்தான், அர மணி நேர வேல, பையனுக்கு பிடிக்கும். சனிக்கிழமை நீங்க படுங்க, அவங்கள கிராப் (ஆப்ல கூப்பிடுற டாக்சி) பிடிச்சு ஜார்ஜ்டவுனுக்கு அனுப்புங்க, அர்மேனியன் ஸ்ட்ரீட்ல சைக்கிள் ஓட்டுற பிள்ளைங்க சுவர் ஓவியம் இருக்கு, உள்ள இலவச கேட் (CAT) பஸ் சுத்துது. ஞாயித்துக்கிழமை அவங்க யாரும் ராத்திரி முழிச்சு உக்கார வேண்டாம், பாலத்து மேல பாக்க வர்றவங்கள விட மாட்டாங்க, மாலும் பூட்டியிருக்கும், ரூம்ல தூங்கிட்டு ஆறு மணிக்கு ஃபினிஷ் பக்கம் வந்தா போதும். முடிச்சு பசியாறிட்டு தூங்குங்க. சாயங்காலம் கெர்னி கடற்கரைப் பக்கம் போய் பசெம்பூர் (வடை, காய் எல்லாம் வெட்டிப் போட்டு மேல குழம்பு ஊத்துறது). திங்கக்கிழமை காலைல கூட்டம் இல்லாம கொடிமலை, பக்கத்துல கெக் லோக் சி புத்தர் கோயில், அங்க குவான் யின் சிலைக்கு போக சாய்வு லிஃப்ட் இருக்கு, உங்க காலுக்குன்னே செஞ்ச ஊரு. செவ்வாய் ஃபெரி, செண்டோல் (தேங்காப்பால் ஐஸ்), பெட்டி கட்டு.

பத்து பெரிங்கி கடல்ல கால ஊற வைக்கலாம்னு யாராச்சும் சொன்னா எச்சரிக்கையா இருங்க, ஜெல்லி மீன் வரும். போர்டு வச்சிருந்தா தள்ளியே நில்லுங்க.

அடையாறு_ஆமை:
விசா வேண்டாம் நமக்கு, 2023 டிசம்பர்லேருந்து 30 நாள் வரைக்கும் ஃப்ரீ. ஆனா டிஜிட்டல் அரைவல் கார்டு போடணும், இறங்குறதுக்கு மூணு நாள் இருக்கும்போதுதான் எடுக்கும், குடும்பத்துல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா. அது இலவசம். காசு கேக்குற சைட்டு எதுவா இருந்தாலும் மூடிட்டு வெளில வந்துருங்க.

வைகை_ஓட்டம்:
மக்களே திரும்பி வந்தாச்சு!! லேட்டா எழுதுறேன், ஆபீஸ்ல வேல குமிஞ்சு கிடந்துச்சு.

முடிச்சுட்டேன். 5 மணி 40 நிமிஷம். ஊர்ல ஓடுறத விட ரொம்ப அதிகம்தான், ஆனா ஃபிசியோ அண்ணன் சொன்ன மாதிரி முதல் பாதி பூரா பிரேக்க மிதிச்சுக்கிட்டேதான் ஓடினேன், அதனாலதான் முடிக்க முடிஞ்சது. என்னைய தாண்டி பறந்தவங்கள்ல பாதி பேர பின்னாடி ரோட்டோரம் கெண்டைக்கால பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க பாத்தேன். அடையாறு அண்ணன் சொன்ன தூக்க டெக்னிக் சூப்பர், கொட்டாவியே வரல. பாலம் நடுவுல கப்பல் போறதுக்காக மேல தூக்கியிருக்குல்ல, காடில போனா அது ஏத்தம்னே தெரியாதாம், கால்ல போனா தெரியுது, அதுவும் போகும்போது ஒரு தடவ வரும்போது ஒரு தடவ. மேல ஏறின உடனே கடக்காத்து அடிச்சது பாருங்க, அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் பெட்ரோல் பங்க் வாசல்ல நாய் தொரத்த தொரத்த ஆறு மாசமா ஓடினேன் போல. ரெண்டு பக்கமும் இருட்டு, கீழ கடல், அந்தப் பக்கம் பட்டர்வொர்த் வெளக்கு. யாரோ ஒரு மலாய்க்கார அண்ணன் பக்கத்துல ஓடிக்கிட்டே பாட்டு போட்டுக்கிட்டு வந்தாரு, பாத்தா பழைய இளையராஜா. எனக்காக மாத்தினாரா, அவரே கேக்குறதா தெரியல, கேக்க மூச்சும் இல்ல.

ஒரு வருத்தம், சூரியன் உதிக்கிறத பாக்கல. அங்க ஏழு மணிக்கு மேலதான் விடியுது, நான் அதுக்குள்ள வாழப்பழ வரிசைல நிக்கிறேன். எனக்கு பின்னாடி வந்தவங்க பாலத்துலேருந்து பெருநிலத்து மலைக்கு பின்னாடி சூரியன் வர்றத போட்டோ எடுத்து காட்டினாங்க. மெதுவா ஓடுறவனுக்கும் ஒரு பரிசு வச்சிருக்காங்க பாருங்க.

கிராப்ல ரூமுக்கு போக ஒரு டிரைவர் ஒத்துக்கிட்டு நாங்க நிக்கிறத பாத்துட்டு வண்டிய நிறுத்தாமலே போயிட்டாரு, என் கோலம் அப்படி. அடுத்தவரு சீட்டுல பேப்பர் விரிச்சு ஏத்திக்கிட்டாரு. இனிமே போறவங்க ஒரு பழைய துண்டும் மாத்துச் சட்டையும் வீட்டு ஆளுங்ககிட்ட குடுத்து விடுங்க.

கொடிமலை முருகன் தரிசனம் அருமை. அம்மா எனக்கு முன்னாடி நடந்து போறாங்க, நான் பின்னாடி கைப்பிடி கம்பிய பிடிச்சுக்கிட்டு இறங்குறேன், வீட்டம்மா வீடியோ எடுத்து குடும்ப குரூப்புல போட்டாச்சு.

நாசி_கந்தார்_ரசிகன்:
வாழ்த்துகள் ப்ரோ. முக்கியமானத சொல்லலயே. சாப்பிட்டீங்களா?

வைகை_ஓட்டம்:
ஞாயிறு மதியம். பஞ்சிர். ரெண்டு தட்டு. பையன் என்னைய வேற மனுசன பாக்குற மாதிரி பாத்தான்.

ஈப்போ_ஃபிசியோ:
சூப்பர். இன்னும் பத்து நாளைக்கு வேக ஓட்டம் எதுவும் வேண்டாம், நடை, சைக்கிள் போதும். நகம் கருத்திருந்தா பிச்சு எடுக்காதீங்க, தானா விழும்.

கோவை_காலணி:
இந்த இழைய முழுசா படிச்சேன், அடுத்த வருஷம் ஹாஃப் ஓடலாம்னு இருக்கேன். நான் தனியா வர்ற பொண்ணு. 3 மணி ஸ்டார்ட்டுன்னா ராத்திரி 2 மணிக்கு ரூம்லேருந்து கிளம்பணும், சரியா இருக்குமா? அக்கா நீங்க சொல்லுங்க.

ஜெலுத்தோங்_அக்கா:
குவீன்ஸ்பே நடந்து போற தூரத்துல ரூம் போடு கண்ணு. அன்னிக்கு ராத்திரி அந்த ரோடு பூரா நம்பர் குத்தின ஆளுங்கதான், பொம்பளைங்க கூட்டம் கூட்டமா போவாங்க, அவங்களோட சேந்து போயிரு. தூரமா தங்கினா ரோடு அடைக்கிறதுக்கு முன்னாடியே கிராப்ல போய் இறங்கிடு, கடைசி நேரத்துல வண்டி கிடைக்காது, விலையும் ஏறியிருக்கும். முடிச்சிட்டு விடியற வரைக்கும் அங்கேயே இருந்துட்டு ரூமுக்கு கிளம்பு, அதுல பயம் இல்ல. தேதி வந்ததும் எனக்கு தனிமடல் போடு, எங்க வீட்டுப் பிள்ளைங்களும் ஹாஃப்தான் ஓடுதுங்க.